சாணம் பார்க்க வந்தவர்கள்

வெளிநாட்டுக்கு வரச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. நான் போகவில்லை. ஓர் அட்டையில் என் பெயர் தவசி, இன்னோர் அட்டையில் தவசியாண்டி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டிப் பாஸ்போர்ட் வாங்குவதற்குள் நாள் கடந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம். தெரியாதவர்கள் முன்னால் எழுந்து நின்று பேசுவதைவிட மாடு முட்டினால் தேவலை என்று நினைக்கிறவன் நான்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. "அவர் வரமுடியாவிட்டால் நாங்கள் வருகிறோம்" என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். ஆகவே இது, நான் போகாத வெளிநாடு தேனிக்கு வந்த கதை. நாலு நாள் அவர்களோடு வேனில் சுற்றினேன். மாட்டுக்குப் பின்னால் நடந்தே பழகிய ஊர்களை, முதல் தடவையாக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாம் கொஞ்சம் வேகமாக ஓடின.

எனக்கு ஊர் வருசநாட்டுப் பக்கம். கிடைமாடு வைத்திருக்கிறேன். அறுப்பு முடிந்த வயல்களில் ராத்திரி மாடுகளை அடைத்துப் போடுவோம். சாணமும் மூத்திரமும் மண்ணுக்குப் போகும், நிலக்காரர் எங்களுக்குக் கூலி தருவார். அதற்குப் பேர்தான் கிடை. பெரியாறு தண்ணீர் திறந்து பள்ளத்தாக்கு முழுக்க நாற்றுப் பாவிவிட்டால் கீழே மாட்டுக்கு இடம் கிடையாது. மலைக்கு ஏற்றிவிடுவோம். மழைக்காலம் முடிந்து இறக்குவோம்.

போன வருசம் மலையில் மேய்க்க அனுமதி நின்றுபோனது. ஒரு மழைக்காலம் முழுக்க ரோட்டோரத்திலும் கண்மாய்க் கரையிலும் மேய்த்து ஓட்டினேன். மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்துவிட்டது. இன்னொரு வருசம் அப்படித் தாங்காது. கேரளாவுக்கு மாடு ஏற்றுகிற தரகர் மொத்தமாகக் கேட்டிருந்தார். சனிக்கிழமை லாரியோடு வருவதாகப் பேச்சு.

"வந்திருக்கவுக நல்ல வார்த்தை சொன்னா வச்சுக்குவோம். இல்லாட்டி ஏத்திவிட்டுருவோம்" என்றாள் என் மனைவி பேச்சி. "கண்ணு முன்னால வத்திப்போறதப் பாக்க என்னால முடியாது. நீங்களாச்சும் அங்கன வாயத் தொறந்து பேசுங்க."

வந்தவர்கள் இரண்டு பேர். லெமாயன், கென்யாவில் மாடு மேய்க்கிறவர். ஹன்னா அம்மா, ஜெர்மனிக்காரர், வயசு முழுக்கப் புல்லைப் படித்தவர். உலக நாடுகள் எல்லாம் கூடி இயற்கையைக் காப்பாற்றுவது பற்றி இந்த வருசக் கடைசியில் பேசப்போகின்றனவாம். அதற்கு முன்னால் சின்னச் சின்னக் குழுக்கள் ஆளுக்கொரு பகுதியை எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்த குழுவுக்கு வந்தது காடும் மேய்ச்சலும். எங்கள் மாட்டுக்காரர் சங்கத்தில் மற்றவர்களுக்கு மாடு ஈனுகிற நேரம் என்பதால் என்னைத் தள்ளிவிட்டார்கள்.

பேச்சை மாற்றிச் சொல்ல ராயப்பன்பட்டி அமலி டீச்சர் வந்தார். வேன் தேனியைத் தாண்டுவதற்குள் எங்கள் குழு எழுதிக் கொடுக்க வேண்டிய தாளை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். பாதி நல்ல சேதி. ஏழாவது வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். "காடுகளுக்குள் கால்நடை மேய்வதைப் படிப்படியாக நிறுத்த வேண்டும்."

"இது யாரு எழுதுனது டீச்சர்?"

"யாரும் எழுதலயாம் அண்ணே. போன கூட்டத்துத் தாள்லருந்து வந்துச்சாம். அதுக்கு முந்துன தாள்லயும் இருந்துச்சாம்."

யாரும் எழுதாத ஒரு வரி என் மாடுகளை லாரியில் ஏற்றப் பார்க்கிறது.

வீரபாண்டியில் வேன் நின்றது. சித்திரைத் திருவிழா. ரோடு முழுக்க மஞ்சள் சேலை, வேப்பிலை, அக்கினிச்சட்டி. "குச்சனூரைச் சுத்திப் போவோம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார் டிரைவர் கனி அண்ணன். "உத்தமபாளையத்துக்காரன் பேச்ச எவன் கேக்குறான்."

காலை நீட்டிக்கொள்ள லெமாயன் கீழே இறங்கினார். தோளில் சிவப்புத் துணி, மார்பில் பாசிமணி, கையில் நீளக் கம்பு. ஒரு பெண் குடத்தோடு வந்து அவர் காலில் மஞ்சத்தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார். பின்னாலேயே இன்னொருத்தி. பிறகு ஒரு வரிசையே நின்றுவிட்டது. லெமாயன் அசையாமல் நிமிர்ந்து நின்றார். அவர் ஊரில் மழை பெய்து வெகுநாள் ஆகிறதாம். இங்கே வந்து இறங்கியதும் காலில் தண்ணீர் ஊற்றுகிறார்களே, இதை ஊரில் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னார்.

ஒரு வயசான அம்மா கேட்டது: "எந்தூர்லருந்து நேந்துக்கிட்டு வந்திருக்கீக சாமி?"

"ஆப்பிரிக்கா, ஆத்தா" என்றார் கனி அண்ணன்.

"அம்புட்டுத் தூரமா? பேரென்ன?"

"லெமாயன்."

"மாயனா? நம்ம பய பேருதான். ஏலே, வழிய விடுங்கடா, தூரத்துலருந்து வந்திருக்காக!"

கூட்டம் விலகியது. எங்கள் வேன் ஊர்வலம் மாதிரி நடுவில் போனது. கனி அண்ணன் அன்றைக்கு முழுக்க ஆரன் அடிக்கவில்லை. "மாயன எறக்கிவிட்டாப் போதும்" என்றார்.

மறுநாள்தான் முக்கியமான நாள். சின்னமனூரில் செல்லச்சாமி அண்ணன் வயலில் என் மாடுகள் கிடை கிடந்தன. கிடை போட்ட வயலைக் காலையில் பார்க்க வேண்டும் என்பதுதான் ஹன்னா அம்மாவின் ஆசை. ஒரு சதுரத்துக்குள் எத்தனை இடத்தில் சாணம் விழுகிறது, அதில் என்ன வண்டு வருகிறது என்று அளப்பாராம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, அளவுகோலும் காகிதப் பையுமாக இறங்கினார்.

வயலைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டேன். கோயில் பிராகாரம் மாதிரி இருந்தது. கூட்டித் தண்ணீர் தெளித்து, தண்ணீர் பாயும் வாய்மடையில் பெரிய கோலம். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றின் மேல் துண்டு. ஒரு பொட்டுச் சாணம் இல்லை.

செல்லச்சாமி அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். "எப்படிலே இருக்கு? சீமையிலருந்து வர்றாக, மிதிச்சுருவாகன்னு ஆள் விட்டு மொத்தமா அள்ளிட்டேன்."

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் கோலத்தைப் பார்த்தார். சாணம் எங்கே என்று ஹன்னா அம்மா இரண்டு தடவை கேட்டார். கடைசியில் டீச்சர் மெதுவாகச் சொன்னார். ஹன்னா அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸ் காலை நீட்டி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சாணம் பார்க்க இரண்டு விமானம் மாறி வந்தாராம்.

காப்பித் தூக்கோடு வந்த அண்ணன் சம்சாரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "கிடை போட்டதே சாணிக்கு. அத அள்ளிக் கொண்டுபோயி மோட்டார் ரூமுக்குப் பின்னால குமிச்சு வச்சிருக்காரு இந்தப் புத்திசாலி. மாட்டுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டியதுதான!"

பிறகு என்ன, எல்லாருமாகச் சேர்ந்து அள்ளியதைத் திரும்பக் கொண்டுவந்து வயலில் வீசினோம். ஹன்னா அம்மா கூடை பிடித்தார். லெமாயன் வெறுங்கையால் அள்ளினார். அவர் ஊரில் பெண்கள் சாணத்தைக் குழைத்துத்தான் வீட்டுச் சுவர் பூசுவார்களாம். இந்த மாடு எவ்வளவு பால் கறக்கும் என்று கேட்டார். கன்றுக்குப் போக ஒரு டம்ளர் கிடைத்தால் பெரிசு என்றேன். அப்புறம் எதற்கு வளர்க்கிறாய் என்றார். நான் கையில் இருந்ததைக் காட்டினேன்.

அவர் சொன்னதை டீச்சர் சிரித்துச் சிரித்துத்தான் சொல்ல முடிந்தது: "நாங்க மாட்ட மடிக்காக வளக்கோம். நீங்க அதுக்குக் கொஞ்சம் பின்னாடி உள்ள சமாச்சாரத்துக்காக வளக்கீகங்கறாரு அண்ணே."

வேலை முடிந்ததும் செல்லச்சாமி அண்ணன் அடுத்த வயலுக்கும் கிடை வேண்டும் என்றார். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் வரப்பில் நடக்க ஆரம்பித்தோம். எங்களுக்குள் இது வழக்கம். நிலக்காரரும் மாட்டுக்காரரும் வயலைச் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அதற்கு முன்னால் யார் சரி சொன்னாலும் அது சேர்த்தி இல்லை. லெமாயனும் பின்னாலேயே வந்தார். நாற்காலி இவ்வளவு கிடக்கிறதே, உட்கார்ந்து பேசினால் என்ன என்று கேட்டார்.

"உக்காந்தா காப்பியக் குடிச்சே பொழுதப் போக்கிருவோம்" என்றார் அண்ணன். "நடந்தா இவன் பொய் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அந்தா, அந்த மூலைல ஈரம் நிக்குது பாருங்க. அங்கன மாட்ட விட்டா குளம்பு அழுகிப்போகும். அத நான் எப்படி மறைப்பேன்?"

லெமாயன் அந்த மூலைக்குப் போய்க் கம்பால் குத்திப் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் கம்பம் போய்ப் பன்னீர்த் திராட்சை சாப்பிட்டோம். லெமாயன் கொட்டையைத் துப்பாமல் விழுங்கினார். அவர் வழியாக ஆப்பிரிக்காவில் திராட்சைக் கொடி முளைக்கும் என்றார் கனி அண்ணன். அப்படியே குமுளி பார்க்கலாம் என்று ஏறினோம். லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறும்போது வேனில் பெல்ட் அறுந்தது. கனி அண்ணன் ஒரு பைக்கை நிறுத்தித் தொற்றிக்கொண்டு போய்விட்டார்.

ரோட்டோரம் ஒரு மலையாளத்து அம்மா மரவள்ளியை அவித்த கப்பைக்கிழங்கும், சம்மந்தி என்கிற மிளகாய்த் துவையலும் விற்றுக்கொண்டிருந்தது. லெமாயனுக்குக் கிழங்கைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊர்க் கிழங்கு என்றார். இல்லை, எங்கள் ஊர்க் கிழங்கு என்றது அந்த அம்மா. இரண்டு ஊருக்கும் எங்கிருந்தோ வந்ததுதான் என்று ஹன்னா அம்மா சொன்னதை இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

அங்கே, ஒரு குரங்கு எங்களையே பார்த்துக்கொண்டிருக்க, ஏழாவது வரியைப் பற்றிச் சண்டை வந்தது. சண்டை நான் நினைத்த மாதிரி இல்லை. ஹன்னா அம்மா அந்த வரியை எடுத்துவிடலாம் என்றார். மாட்டை நிறுத்தின காடு எல்லாமே செழித்ததாக அவர் பார்க்கவில்லை, சில இடங்களில் மாடு தொடாத உண்ணிச்செடிதான் செழித்தது என்றார். லெமாயன் விடவில்லை. அவர் பிறந்த ஊரில் ஓர் ஓடை இருந்ததாம். அதை யானையும் அழிக்கவில்லை, கம்பெனிக்காரனும் அழிக்கவில்லை. அவர்கள் மாடுகளேதான் கரையை மிதித்து மிதித்து மூடினவாம். மாட்டுக்காரன் இதை வெளியே சொல்ல மாட்டான் என்றார்.

பெல்ட்டோடு திரும்பி வந்த கனி அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "படிச்ச அம்மா மாட்டுக்குப் பேசுது, மாட்டுக்காரர் காட்டுக்குப் பேசுறாரு. யாரு எந்தக் கட்சின்னே தெரியலயே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சம்மந்தி உறைத்தது. லெமாயன் சொல்வது மாதிரி எங்கள் மலையிலும் ஓர் ஓடை உண்டு. மூங்கில் ஓடை. மாடு தண்ணிக்கு இறங்கி இறங்கிக் கரையில் ஒரு செடி நிற்காது.

"மூங்கில் ஓடைய வேணா விட்டுரலாம்" என்றேன். மூன்று நாளில் அவர்களிடம் நானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சொன்னதும் பேச்சி ஞாபகம் வந்தது. மாட்டுக்குப் பேசப் போனவன் மலையில் ஒரு துண்டை விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறேன்.

"மத்த இடம்?" என்று டீச்சர் கேட்டார்.

"மத்தத சும்மா எப்படிச் சொல்றது டீச்சர்? பாத்துல்ல சொல்லணும்."

கடைசி நாள் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். பஜார் வியாபாரிகள் சிலர், எங்கள் சங்கத்து ஆட்கள், பிள்ளைகளைக் கூட்டிவந்த வாத்தியார்கள். முன்வரிசையில் எங்கள் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் வனத்துறை ரேஞ்சர், மதுரைக்காரர். கடைசி வரிசையில் பேச்சி. நான் எழுந்து ஓட வழி இல்லாதபடி வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஹன்னா அம்மா ஏழாவது வரியை வாசித்துவிட்டு, இதைப் பற்றித் தவசி பேசுவார் என்றார். மைக்கை என் கையில் கொடுத்தார்கள். சொல்ல வேண்டியதை விடியற்காலையிலிருந்து மாடுகளிடம் சொல்லிப் பார்த்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மைக்கில் என் மூச்சு மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. எப்படியாவது வெளியே போனால் போதும் என்று இருந்தது. அந்த நிலைமையில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இங்கன முடியல. வாங்க, ஒரு நடை நடந்துட்டு வருவோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பேச்சி நெற்றியில் அடித்துக்கொண்டதை அங்கிருந்தே பார்த்தேன்.

ஆனால் லெமாயன் எழுந்துவிட்டார். அவர் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு பேசினார். சின்னமனூரில் ஈரம் நின்ற மூலையைச் சொன்னார். இவர்கள் சேர்ந்து நடக்காமல் ஒரு வயலைக்கூடப் பேசி முடிப்பதில்லை, நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து உலகத்துக் காட்டையெல்லாம் பேசி முடிக்கிறோம் என்றார். ஹன்னா அம்மா தலையை நிமிர்த்தாமல் அந்த வரியை அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு வாத்தியார் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னார். ரேஞ்சர் இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னார். "விட்டுவிட வேண்டிய இடமும் இருக்கும், அதையும் எழுதுங்க" என்றார். எங்கள் சங்கத்துக்காரர்கள் அதற்குச் சத்தம் போட்டார்கள். லெமாயன் அவர்களோடு மல்லுக்கட்டினார். டீ வந்து ஆறிப்போனது. முடிவில் ஏழாவது வரி இப்படி நின்றது:

"எங்கே எப்போது மேய்க்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதை, மேய்ப்பவரும் காப்பவரும் அந்த நிலத்தைச் சேர்ந்து நடந்து பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் யோசித்துச் சொன்னதாக நினைத்துவிட்டார்கள். நான் கதவைத்தான் யோசித்தேன். மனிதனுக்கு வெளியே போக வேண்டும் என்று தோன்றுவது, இத்தனை கை மாறி, உலகத்துக்கு ஒரு சேதியாகப் போகும் என்று யார் கண்டது?

ஆனால் அது தாளில் இருக்கிற வரிதான். இன்னும் எத்தனையோ கூட்டம் ஏற வேண்டும், ஏற ஏற இளைக்கும் என்று ஹன்னா அம்மாவே சொன்னார். ரேஞ்சரும் வெளியே வந்து என்னிடம் தனியாகச் சொன்னார். "அனுமதி குடுக்குறது என் கையில இல்லண்ணே. மேல எழுதலாம், அம்புட்டுத்தான். ஆனா நடக்குறதுக்கு எனக்கு யாரு உத்தரவும் வேண்டாம். திங்கக்கிழமை வரவா?"

தரகர் வருவது சனிக்கிழமை.

விருந்தாளிகளை அன்று சாயங்காலமே வழியனுப்பினோம். லெமாயன் தன் கழுத்திலிருந்து ஒரு பாசிமணியைக் கழற்றிப் பேச்சியிடம் கொடுத்தார். அது பேச்சிக்கா மாட்டுக்கா என்று டீச்சர் கேட்டுச் சொல்ல மறந்துவிட்டார்.

சனிக்கிழமை லாரி வந்தது. தரகர் நல்ல மனுசர், மாடுகளைத் தட்டிக்கூடப் பார்க்காமல் கயிற்றை எடுத்தார். நான் பேச்சியைப் பார்த்தேன். அவள் செம்மறையின் விலாவைத் தடவிப் பார்த்தாள். சிவப்பில் வெள்ளை மறை விழுந்த அந்த மாடுதான் கிடைக்கு முன்மாடு, மற்றவை அதன் பின்னால்தான் போகும்.

"இப்ப இல்லண்ணே" என்றாள் தரகரிடம். "திங்கக்கிழமை ரேஞ்சர் மலைய நடந்து பாக்க வர்றாக."

"அனுமதி தர்றாகளா?"

"நடக்க வர்றாகன்னுதான சொன்னேன்."

"நடந்தா ஆச்சா? தண்ணி தொறந்துட்டா என்ன செய்வீக?"

"அன்னைக்கு உங்களக் கூப்பிடுறோம். இவுக வாய வச்சு நாலு நாள்ல நடந்தது இந்த ஒரு காரியம். அதையும் பாக்காம ஏத்திவிட்டா எனக்குத் தூக்கம் வராது."

லாரி வெறுமனே திரும்பியது. அது சரியா தப்பா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

அதற்குள் மாடுகளைச் சின்னமனூரிலிருந்து மலையடிவாரத்துப் பட்டிக்கு ஓட்டிவந்து அடைத்திருந்தோம். திங்கட்கிழமை ரேஞ்சர் வந்தார். கூட ஒரு வனக்காவலர். தண்ணீர்ப் பாட்டில், தொப்பி. முதலில் மூங்கில் ஓடையைக் காட்டுங்கள் என்றார். நான் கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பேசுவதற்கு ஒன்றும் இல்லாததால் எனக்கு நன்றாகவே நடக்க வந்தது. புளியமரங்களைத் தாண்டி, காட்டு எல்லைக் கல் தெரிகிற மேட்டில் ஏறும்போது பின்னால் கழுத்து மணிச் சத்தம் கேட்டது.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். நான் கம்போடு மலையைப் பார்த்து நடந்தால் மாடுகளுக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு வருசம் காத்திருந்தவை, பட்டி முள்ளைத் தள்ளிவிட்டு, செம்மறை முன்னால் வர, ஒன்றன்பின் ஒன்றாக எங்களுக்குப் பின்னால் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. செம்மறையின் கழுத்தில் லெமாயன் கொடுத்த பாசிமணி. வெகு பின்னால் பேச்சி ஓடிவந்துகொண்டிருந்தாள்.

ஓடிப்போய் எல்லைக் கல்லுக்குக் குறுக்கே கம்பை நீட்டிக்கொண்டு நின்றேன். செம்மறை வந்து கம்பில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. ரேஞ்சர் தொப்பியைக் கழற்றி, வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். ஒவ்வொரு விலாவாகப் பார்த்தார்.

"இவுகளும் கூட்டத்துக்கு வந்திருக்காகளா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன். "கூப்பிடாமயே வந்துட்டாக."

அவர் சிரித்தார். பிறகு கல்லைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்து, எனக்காக நின்றார். பேச்சி வந்து கம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மாடுகளை அவள் பிடித்து நிற்க, நானும் அவரும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம்.